தூக்குவாளிக்குள் விளக்கு

அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். நெடுமங்காட்டில் ஒரு கடைக்கு வெங்காயம் இறக்க வேண்டும், மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆரியசாலையில் இத்தனை வருஷம் வெங்காய மண்டி நடத்துகிறவன், ரெட் அலர்ட் விட்ட மழையில் சரக்கு இறக்கப் போகமாட்டான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"கல்லாறுக்கா போறிய?"

"நெடுமங்காடுன்னு சொன்னேன்லா."

"போறது எங்கயும் இருக்கட்டும். பத்திரிகை அடிச்சு வச்சிருக்கு வீட்டுல. அது ஞாபகம் இருந்தா போதும்."

மூத்த மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. எங்களவர்களில் பத்திரிகை வீட்டுக்கு வந்துவிட்டால் அப்புறம் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. பந்தக்கால் நட்ட பிறகுதான் அதெல்லாம் என்று நான் சொல்வேன். அவள் சொல்வது வேறு. தீட்டு விஷயத்தில் அவளோடு வாதாடி ஜெயித்தவன் எங்கள் தெருவில் கிடையாது.

கல்லாறில் இருப்பவன் என் சிநேகிதன். ஆரியசாலையில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் இருந்து படித்தோம். அவன் அப்பா எங்கள் அப்பா கடையில் மூட்டை தூக்கினார். கல்யாணம் ஆனதும் அவன் பெண்டாட்டியின் ஊர்ப் பக்கம் போய், பொன்முடிக்கு ஏறுகிற வழியில் ஒரு டீக்கடை போட்டான். மலைக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற கடை. வீடு அதற்கு மேலே, ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய சரிவில்.

இந்த ஆடி பிறந்ததும் அவன் பெண்டாட்டி இறந்துபோனாள். சிறுநீரகக் கோளாறு. இரண்டு வருஷமாக மெடிக்கல் காலேஜுக்கு வந்து போவாள். வருகிறபோதெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். மாடியில் ஜன்னலோரம் பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள். உப்பில்லாத கஞ்சி வைத்துக் கொடுப்பது என் மனைவியின் வேலை. இரண்டு பேரும் என்னதான் பேசுவார்களோ, கீழே கடையில் இருந்தால் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவ்வளவு இருந்தும் சாவுக்கு என் மனைவி வரவில்லை. நான் மட்டும் போனேன். திரும்பி வந்தபோது தெருக் குழாயடியில் வாளியும் மாற்றுத் துணியும் வைத்திருந்தாள். நான் குளித்துவிட்டு ஏறிய படிகளை அப்புறம் அவள் சாணி கரைத்து மெழுகினாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதைச் சொல்லவும் இல்லை, மறக்கவும் இல்லை.

நான் வண்டியை எடுத்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அவனுக்குப் போன் பண்ணினேன். மேலே மண் இளகிக் கிடக்கிறது, சரிவில் இருக்கும் வீடுகளை எல்லாம் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், எல்லோரும் விதுரைப் பக்கம் ஸ்கூலில் கேம்புக்குப் போயாச்சு என்றான்.

"நீ எப்போ போற?"

"நான் போகல."

அவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டது. அதன்பிறகு எத்தனை முறை அடித்தும் கிடைக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. போகவில்லை என்று அவன் சொன்ன தினுசு பிடிக்கவில்லை எனக்கு. பிடிவாதமாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்.

எங்கள் வண்டி குட்டியானை. பின்னால் சரக்கு இல்லாவிட்டால் ஈர ரோட்டில் அது நினைத்த பக்கம் போகும். அதனால் பாரத்துக்கு நாலைந்து வெங்காய மூட்டையைப் போட்டுக்கொண்டேன். பொய்க்கும் அது உதவியது. பேரூர்க்கடை தாண்டியதும் வைப்பர் மக்கர் பண்ணியது. கண்ணாடியில் ஒரு வீச்சு வீசும், பிறகு யோசிக்கும். நெடுமங்காட்டுக்கு அப்புறம் ரோட்டில் ஆளே இல்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், மழைக்காக ஒவ்வொன்றின் இடுப்பிலும் பிளாஸ்டிக் பாவாடை. மரவள்ளிக் கிழங்குத் தோட்டமெல்லாம் செந்தண்ணீருக்கு அடியில் கிடந்தது. தொளிக்கோட்டில் ஒரு பலாமரம் பாதி ரோட்டை அடைத்து விழுந்திருந்தது. வெட்டிக்கொண்டிருந்தவர்கள் என் வண்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். மழையில் பொன்முடி பார்க்கப் போகிற பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

கல்லாறு பாலத்துக்கு இந்தப் பக்கமே போலீஸ் தடுப்பு வைத்திருந்தது. "மேலே போகான் பற்றில்ல, சேட்டா" என்று கையை நீட்டி மறித்தார் மழைக்கோட்டுப் போட்ட ஒரு போலீஸ்காரர். ஆள் ஒருவன் மேலே இருக்கிறான், கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன். எல்லோரும் இறங்கியாச்சு என்று அவர் சொன்னார். இல்லை, ஒருத்தன் இருக்கிறான் என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு ஆறு இரைந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் பாறைகள் உருண்டு மோதுகிற சத்தம் பாலத்தின் வழியாகக் காலுக்கு ஏறியது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வண்டியை இங்கேயே விடு, பெட்டென்னு, சீக்கிரமா வரணும் என்று தடுப்பை ஒதுக்கிவிட்டார்.

வீட்டுக்குப் போகும் சிமெண்டுப் படிகளில் தண்ணீர் என்னை எதிர்த்து இறங்கியது. எல்லா வீடும் பூட்டிக் கிடந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் மறந்துவிட்டுப்போன கோழி ஒன்று நனைந்து நின்றது. அவன் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது.

உள்ளே நடு அறையில், சுவரோரமாக, தரையில் ஒரு அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் தாடி. என்னைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவே இல்லை.

"வாலே. டீ போடட்டா?"

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. "மலை தலையில விழப்போகுது, இவரு டீ போடுறாராம். எந்திரி. சட்டையப் போடு."

"இது எரிஞ்சிட்டிருக்குல்லா" என்று அவன் விளக்கைக் காட்டினான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. செத்தவரைக் கிடத்திய இடத்தில், தலைமாட்டில், ஒரு விளக்கு ஏற்றுவார்கள். பதினாறாம் நாள் விசேஷம் முடிகிற வரைக்கும் அது இரவும் பகலும் அணையக் கூடாது. எங்கள் வீடுகளிலும் உண்டு. ஆனால் அங்கே பத்துப் பேர் இருப்பார்கள், ஆள் மாற்றி ஆள் எண்ணெய் விடுவார்கள். இங்கே இவன் ஒருத்தன். கொள்ளி வைத்த மகன் லீவு கிடைக்காமல் துபாய்க்குத் திரும்பிவிட்டான், பதினாறுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அதுவரைக்கும் அணையவிடாமல் பார்த்துக்கொள்வதாக அப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"இதையும் எடுத்துக்கிட்டுக் கேம்புக்குப் போயேன்லே."

"ஸ்கூல் கிளாஸ்ரூம்ல குடும்பம் குடும்பமா கிடக்காங்க. பச்சப் புள்ளைய வச்சிருக்கா ஒருத்தி. அது நடுவுல சாவு விளக்க வச்சா சம்மதிப்பாளா? நான்னா சம்மதிக்க மாட்டேன்." கருகிய திரி நுனியை விரலால் தட்டிவிட்டான். "அவளைத் தனியா விட்டுட்டு நான் எங்கலே வருவேன்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் கூடியது. செத்தவளுக்குக் காவல் இருந்து நீயும் சாகப்போறியா என்று கத்தினேன். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. அவன் பாட்டிலைச் சாய்த்து விளக்குக்கு எண்ணெய் விட்டான். நான் விளக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"நான் இத ஊதி அணைச்சிட்டா நீ வந்துதானே ஆகணும்?"

"அணைச்சிக்க" என்றான். "அப்புறம் நான் எதுக்கு வரணும்?"

நான் நிமிர்ந்துவிட்டேன். அவன் இங்கே உட்கார்ந்திருப்பது விளக்குக்காக மட்டும் இல்லை என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. ஒரு மனுஷனைப் பார்த்து நான் அப்படிப் பயந்ததே இல்லை. தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தப் படியில் இரண்டு பேரும் உருண்டிருப்போம்.

வீட்டின் பின்பக்கம் போனேன். மூஞ்சியில் தண்ணீர் அடித்தால் புத்தி வரும் என்று தோன்றியது. மேலே ஊற்றிலிருந்து ஒரு கறுப்பு ஹோஸ் வழியாக அவன் வீட்டுக்குத் தண்ணீர் வரும். எந்தக் கோடையிலும் நிற்காத, கண்ணாடி போன்ற தண்ணீர், அதில் போடுவதால்தான் டீ அப்படி இருக்கிறது என்று பெருமை அடித்துக்கொள்வான். ஹோஸுக்குக் கீழே கையை ஏந்தினேன். கையில் விழுந்தது செம்மண் குழம்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹோஸ் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுபோனது. அவ்வளவு மழையில் ஊற்றுத் தண்ணீர் நிற்கிறது. மேலே எங்கோ மண் நகர்ந்து ஊற்றை மூடியிருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருந்த மண் சுவரைப் பார்த்தேன். அதிலிருந்த ஒரு பாக்கு மரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது எப்போதுமே அப்படித்தான் நின்றதா என்று எனக்கு நினைவில்லை.

உள்ளே ஓடினேன். யோசிக்கவே இல்லை.

"எந்திரி. விளக்க எங்க வீட்டுக்குக் கொண்டுபோவோம்."

அவன் முதல்முறையாக என்னை நன்றாகப் பார்த்தான். "கல்யாண வீட்டுக்கா?"

"ஆமா."

"மதினி?"

"கேட்டாச்சு. கொண்டாங்கன்னு சொல்லிட்டா."

அன்றைய இரண்டாவது பொய். என் மனைவியிடம் இதைக் கேட்பதற்கு மலைக்கு அடியில் நிற்பதே மேல். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டதும் அவன் எழுந்துவிட்டான். அடுக்களையிலிருந்து பால் வாங்குகிற உயரமான தூக்குவாளியை எடுத்து வந்தான். அடியில் பச்சரிசியைக் கொட்டினான். அகலை இரண்டு கையாலும் எடுத்து அரிசிமேல் ஆடாமல் பதித்து வைத்தான். வாளிக்குள் சுடர் ஒரு தரம் படுத்து எழுந்தது. சட்டையைப் போட்டு, எண்ணெய்ப் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டான். வேறு எதையும் எடுக்கவில்லை. கதவைப் பூட்டப் போனவனை நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

நான் குடையை வாளிக்குப் பிடித்தேன். எங்கள் இரண்டு பேர் தலையிலும் மழை. ஒரு படி இறங்குவான், உள்ளே எட்டிப் பார்ப்பான், அடுத்த படி. என் முதுகு முழுக்கப் பின்னால் இருந்த மலையையே கேட்டுக்கொண்டிருந்தது. "சீக்கிரம்லே, சீக்கிரம்லே" என்று நான் சொல்ல, "அணைஞ்சிரும்" என்று அவன். பாலத்தில் அந்தப் போலீஸ்காரர் வாளிக்குள் என்ன என்று குனிந்து பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் வழி விட்டார்.

வண்டியில் வாளியைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். கண்ணாடிகளை ஏற்றியிருந்ததால் உள்ளே எண்ணெய் வாடையும் வெங்காய வாடையுமாக மூச்சு முட்டியது. பள்ளம் வந்தால் நான் பிரேக் பிடிப்பேன், அவன் வாளியைத் தூக்குவான். விதுரை தாண்டினோம். தொளிக்கோட்டுப் பலாமரத்தை அறுத்து ஒதுக்கியிருந்தார்கள். என் தலைக்குள் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. மனைவி என்ன சொல்வாள், அதற்கு நான் என்ன சொல்வேன், அதற்கு அவள் என்ன சொல்வாள். எல்லாச் சுற்றிலும் அவளே ஜெயித்தாள்.

நெடுமங்காட்டுக்குள் நுழையும்போது அவனுக்குப் போன் வந்தது. கீழ் வீட்டுக்காரர், கேம்பிலிருந்து. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "ஓ... ஓ... ஆளுக்கு ஒண்ணும் இல்லல்லா? நான் இறங்கிட்டேன்... ஓ." போனைச் சட்டைப் பையில் வைத்தான்.

"என்னலே?"

"பின் சுவரு போச்சாம். அடுக்களை, நடு ரூமு எல்லாம் மண்ணாம்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். நடு அறை. நாங்கள் அங்கிருந்து இறங்கி ஒரு மணி நேரம் இருக்குமா? அவன் அழுவான் என்று பார்த்தேன். அவன் அழவில்லை, குனிந்து ஒரு தீக்குச்சியால் திரியைத் தூண்டிவிட்டான்.

"மதினி நெசமாவே சரின்னு சொன்னாளா?"

"ஆமாலே, சொன்னா."

இனி இந்த விளக்கு போவதற்கு வேறு இடம் கிடையாது. அவனுக்கும் கிடையாது. அதுவரைக்கும் என் பயம் மலையைப் பற்றி இருந்தது. அங்கிருந்து அது என் வீட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் மாட்டேன் என்றால் குடோனில் வைப்பது, மூட்டைகளை ஒதுக்கி இடம் பண்ணி நானும் அவனோடு அங்கேயே படுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஆனால் வாசலில் வைத்து அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இவன் குடோனுக்கும் வரமாட்டான். எங்கே போவான் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பேரூர்க்கடையில் அவள் போன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"எங்க இருக்கிய?"

"பேரூர்க்கடை."

"டிவியில கல்லாறு காட்டுறான்." பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "அண்ணாச்சி உங்க கூட இருக்காரா?"

"இருக்கான்."

வைத்துவிட்டாள். நெடுமங்காட்டு வெங்காயம் பற்றி அவள் கேட்கவே இல்லை. விளக்கைப் பற்றி நானும் சொல்லவில்லை. போனில் சொல்லி, போனிலேயே மறுத்துவிட்டால் வண்டியில் இருப்பவனுக்குக் கேட்டுவிடும்.

ஆரியசாலைச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தோம். கடைக்குப் பக்கவாட்டில் மாடிப்படி. கல்யாணத்துக்காகச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, படிகளில் காவி பூசியிருந்தது. அதைப் பார்த்ததும் அவன் நின்றுவிட்டான். மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நீ கேக்கல. அல்லே?"

எனக்கு மூன்றாவது பொய் வரவில்லை. "கேக்கல" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. மண்டையை ஆட்டிக்கொண்டான். "சாரமில்ல, பரவாயில்ல. பொண்ணு கல்யாணம்லா. நான் ஏறக் கூடாது." வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினான். நான் குடையை வாளிமேல் பிடித்தபடி "குடோன் இருக்குலே, குடோன் இருக்கு" என்று அவன் பின்னாலேயே தண்ணீரில் நடந்தேன்.

"அண்ணாச்சி."

என் மனைவி மாடிப்படியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாளியை. வாளியின் வாய்வழியே வெளிச்சம் குடைத்துணியில் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் மாறியது. சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள்.

முடிந்தது என்று நினைத்தேன். இந்தப் பெண்ணோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேனே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அவன் என்னைப் பார்க்காமல் சந்தின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேலே கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கழுவித் தள்ளுகிறாள், நாங்கள் மேலே வராமலே கழுவுகிறாள் என்று பல்லைக் கடித்தேன்.

அவள் திரும்பி வந்தபோது கையில் நனைந்த துணி இருந்தது. படிகளில் இறங்கி, தெருத் தண்ணீருக்குள்ளேயே இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஜன்னலோரம் துடைச்சிருக்கேன், அண்ணாச்சி. அவ படுக்கிற இடம்."

"வேண்டாம் மதினி. கல்யாண வீடு."

"அன்னைக்கு நான் வரல" என்றாள். "இன்னைக்கு அவளே என்னத் தேடி வந்திருக்கா. மழையில நிறுத்தி வைக்கச் சொல்றியளா?"

வீடு மண்ணானதைக் கேட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் அந்த இடத்திலேயே, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, சத்தம் போட்டு அழுதான். வாளி அவன் கையில் ஆடியது. என் மனைவி முந்தானையைச் சுருட்டி, சுடுகிற வாளியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். புதுக் காவி பூசிய படிகளில், ஒவ்வொரு படிக்கும் உள்ளே எட்டிப் பார்த்தபடி, மெதுவாக ஏறிப் போனாள்.